ஆறிலிருந்து இருபதுவரை

கிளைபேடா மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு
ஒரு படி ஏறி இறங்குகிறேன்.
ஒரே ஒரு படி. மரத்தில் செய்தது.
உயரம் ஒரு சாண்கூட இல்லை.

முப்பத்தோர் ஆண்டு துறைமுகத்தில்
ஐந்தாம் எண் கிரேனின் ஏணியில்
நாற்பது மீட்டர் ஏறியவன் நான்.
கீழே நின்றவர்கள் எறும்பாகிப் போவார்கள்.
காற்று கதவைப் பிடுங்கும்.
அப்போதெல்லாம் யாரும் என் பக்கத்தில் நின்று
கைக்கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

"எவ்வளவு கடினம், ஸிக்மாஸ்?" என்கிறாள் கிந்தரே.
சுவரில் ஓர் அட்டை, ஆறிலிருந்து இருபதுவரை.
ஆறென்றால் நாற்காலியில் சும்மா இருப்பது.
இருபதென்றால் இனி முடியாது.
"ஒன்றுமில்லை" என்கிறேன்.
"அந்த எண் அட்டையில் இல்லை."

ஒன்றுமில்லை என்றுதான் அன்றும் சொன்னேன்.
மார்ச் மாதம், உரக் கப்பல், தாடையில் வலி.
பல்வலி என்று கிராம்பைக் கடித்துக்கொண்டு
இன்னும் இரண்டு தூக்கு இறக்கிவிட்டுத்தான்
ஏணியில் கால் வைத்தேன்.
யாரிடமும் மூச்சு விடவில்லை.
விடுவதற்கு மூச்சும் இருக்கவில்லை.

நாங்கள் ஏழு பேர்.
டாங்குவோலே பேருந்து ஓட்டியவள்;
நகராத மிதிவண்டியில் உட்கார்ந்ததும்
பக்கக் கண்ணாடியைத் தேடுகிறாள்.
நெஞ்செலும்பைத் தைத்த கம்பி
விமான நிலையத்தில் சத்தம் போடுமா என்று
வாரந்தோறும் கேட்கும் ஒரு கணக்காளர்.
மீனுக்குப் புகைபோடும் ப்ரோன்யுஸ்,
இருமல் வந்தால் ஒரு சின்னத் தலையணையை
மார்போடு இறுக்கிக்கொள்வான்,
திருடிய கோழியைப்போல.

இரவில் இடப்பக்கம் படுத்தால்
காதுக்கடியில் யாரோ நடக்கிறார்கள்.
நின்றுவிடுவாரோ என்று விடியும்வரை கேட்டிருப்பேன்.
இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை.
தானும் தூங்கவில்லை என்று
அவள் என்னிடம் சொல்லவில்லை.

ஆறாம் வாரம் ப்ரோன்யுஸின் மிதிவண்டி காலி.
ஏழாம் வாரமும்.
யாரும் கேட்கவில்லை. எல்லோரும்
கொஞ்சம் வேகமாக மிதித்தோம்.
கிந்தரே தொலைபேசியை வைத்துவிட்டு
"எடுக்கிறார். வரமாட்டேன் என்கிறார்" என்றாள்.
ஆள் இருக்கிறான் என்ற நிம்மதியில்
டாங்குவோலே அவனை வாய் கூசாமல் திட்டினாள்.

அன்று வீட்டுப் பேருந்தை விட்டுவிட்டேன்.
டானே ஆற்றங்கரையோடு நடந்தேன்.
மே மாதத்திலும் கடற்காற்று காதைத் திருகியது.
அவன் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது.
முதல் மாடி, பத்து. யாரோ முட்டைக்கோஸ் வேகவைக்கிறார்கள்.
இரண்டாவது, பன்னிரண்டு.
மூன்றாவதில் குழந்தை வண்டியொன்று வழிமறித்தது.
அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நல்லவேளை.
நான்காவதில் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து
எண்ணத் தொடங்கி, தவறவிட்டு, மறுபடி எண்ணி,
ஐந்தாவதில் கதவைத் தட்டினேன்.

உள்ளே வானொலி அணைந்தது.
கதவிடுக்கில் புகை வாசம்,
மீனுடையதா சிகரெட்டுடையதா தெரியவில்லை.
"என்ன வேண்டும்?"

ஒரு பேச்சைத் தயாரித்து வந்திருந்தேன்,
மகளைப் பற்றி, மருந்தைப் பற்றி.
படிகளில் எங்கோ விழுந்துவிட்டது.
கதவில் நெற்றியைச் சாய்த்து
"பதினைந்து" என்றேன்.

வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு கதவின் அந்தப் பக்கம், மிகக் கிட்டத்தில்,
என் நெற்றியின் உயரத்திலேயே ஒரு குரல்:
"எனக்கு உட்கார்ந்தபடியே பதினெட்டு."

சங்கிலி கழலும்போது
நான் படியில் உட்கார்ந்துவிட்டிருந்தேன்.
செருப்பை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.
கையில் அந்தத் தலையணை.
சிமெண்டு குளிரும், எழு என்று
அதை எனக்கடியில் போட்டான்.