ஒரு மயிர் இடப்பக்கம்

பலகையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தேன்.
நடுவில் ஒரு கோடு,
பாயிலிருந்து உருவிய கோரை அளவு,
தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை
அறுபடாமல்.

சாட்ஸ்வொர்த் வெயில் எங்கள் கராஜுக்குள் வருவது
காலை பத்தரை வரைதான்.
பதினொன்றுக்குக் கரன்ட் போகும்.

முதலில் மரத்தைத் திட்டினேன்.
கியாட் மரம், வேங்கைக்கு ஒன்றுவிட்ட உறவு,
கிளேர்வுட்டில் இடித்த ஏதோ வீட்டின் நிலைக்கட்டை.
நார் ஒரு சாண் இப்படி ஓடும்,
அடுத்த சாண் மல்லுக்கு நிற்கும்.
மல்லுக்கு நிற்கிற இடத்தில் பிளேடு சீவாது, பிய்க்கும்.
பலகையைத் திருப்பிவிட்டேன்.
அரை மில்லி, அரை மில்லியாகக் கொடுத்தேன்.
பிய்ந்த இடங்கள் அடங்கின.
கோடு அடங்கவில்லை.

உருளையைத் துடைத்தேன். பிசின் இல்லை.
நுனியில் குழி விழுந்தால் அது வேறு வியாதி,
வெளியே வரும்போது வாலைத் தூக்கிப் பிடித்தால் தீரும்.
அலை அலையாக வந்தால்
ஒரு பிளேடு மட்டும் உழைக்கிறது,
மற்றது சும்மா சுற்றுகிறது.
(வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை.)

பூபாலன் கதவருகே வந்து நின்றார்.
ஆகஸ்டுக்குப் பிறகு இன்றுதான்.
டீயைப் பெயின்ட் டப்பா மேல் வைத்துவிட்டு
விரலைக் குறுக்கே ஓட்டினார்.
“மேடு. பள்ளமில்ல.
பிளேடுல பல்லு போயிருக்கு, கோசலை.”

பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றினோம்.
இரண்டு பிளேடு.
இரண்டிலும் ஒரே இடத்தில்
குருணை அளவு மூளி.
யாரோ படம் மாட்டிய ஆணி,
தலை முறிந்து உள்ளேயே கிடந்திருக்கிறது.
ஒரு சுற்றுக்குள் இருவரையும் கடித்துவிட்டது.

புதிசு வாங்கலாம்.
பெர்த் டிக்கெட்டுக்கு வாங்கிய கடன்
இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.
டிக்கெட்டைப் பற்றியும் பேசுவதில்லை,
அதில் ஏறிப் போனவனைப் பற்றியும்.

ஸ்பேனரைக் கேட்டார். கொடுத்தேன்.
ஒரு பிளேடைத் தொடவே இல்லை.
மற்றதன் திருகுகளைத் தளர்த்தி
ஒரு மயிர் இடப்பக்கம் தள்ளி
இறுக்கினார்.
இது விட்டதை அது சீவும்,
அது விட்டதை இது.

பத்து ஐம்பத்திரண்டு.
பலகை உள்ளே போனது.
சீவல் அகலமாக, ஈரத் தேயிலை நிறத்தில்,
அவர் செருப்பின் மேல் விழுந்தது.
கோடு இருந்த இடத்தைக் கண்ணால் தேடினேன்,
கன்னத்தால் தேடினேன்.

மூன்றாவது பலகை பாதியில் இருக்க
கரன்ட் போனது.
மெஷின் மூச்சிழுத்து, மெதுவாக நின்றது.
இருட்டில் அவர் ஆறிய டீயைக் குடிக்கும் சத்தம்.

“அங்க இப்ப சாயங்காலம் அஞ்சு,” என்றார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை.
தலைமுடியில் இருந்த தூளைத் தட்டிக்கொண்டே
“அஞ்சு அடிச்சிருக்கும்,” என்றேன்.