ஏழாவது துளை

மழை ஓய்ந்த மறுவாரம்
தோங்சியின் பழைய படகை
முழங்கால் உயரக் கட்டைகள்மேல் ஏற்றி
அதன் வயிற்றில் ஏழு துளைகள் போட்டேன்.
அவன் கண்ணெதிரே போட்டிருக்கக் கூடாது.

ஆறு வருடமாய் மீன் ஏறாத படகு.
ஆனாலும், துளைக்கருவி மரத்துக்குள் இறங்க இறங்க
சிகரெட்டை இழுக்க மறந்து
விரலிடுக்கில் எரியவிட்டு நின்றான்.
“தண்ணீர் வடிய வேண்டாமா?” என்றேன்.
“படகிலிருந்தா?” என்றான்.

மேக்கொங் விட்டுப்போன வண்டல்,
உமிச்சாம்பல், காய்ந்த எருமைச்சாணம்.
அதன்மேல் சதகுப்பை விதை.
தட்டை விதை, ஊதினால் பறக்கும்.
புதைக்கவில்லை, உள்ளங்கையால் அழுத்திவிட்டேன்.
நாற்றாக்கிப் பிடுங்கி நட
இதொன்றும் கத்தரி இல்லை.
ஒரே ஆணிவேர்.
இடம் மாற்றினால் வாய் திறந்து சொல்லாது,
செத்துவிடும்.

பன்னிரண்டாம் நாள் முளைத்தது,
முதலில் புல் மாதிரி,
பிறகு யாரோ சீவிப்போட்ட பச்சை முடி மாதிரி.
கிள்ளிய விரலை
இரவு தலையணைவரை விடாத வாசனை.

மாலைச் சந்தையில் என் கடை:
அரிசியும் எலுமிச்சைப்புல்லும் இடித்துச் சேர்த்து
வாழையிலையில் மடித்து அவித்த மீன்.
சதகுப்பை குறைந்தால்
பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டுத்
திருப்பித் தருவார்கள்,
பௌமி ஆசிரியர் மட்டும்
தின்றுவிட்டுத் திருப்பித் தருவார்.

இருபது நாளில்
அணியத்துப் பக்கம் மட்டும் மஞ்சள் தட்டியது.
சாம்பல் தூவினேன். நீரைக் குறைத்தேன்.
கோடு போட்ட புழு ஒன்றைச் சந்தேகித்து
பாவம், அதை நாடு கடத்தினேன்.
கடைசியில் படகுக்கடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தால்
ஏழாவது துளையில்
ஒரு மர ஆப்பு.

புளியங்கட்டையில் செதுக்கி
பிசின் துணி சுற்றி
யாரும் கேட்காத வேலைக்கு எவ்வளவு நேர்த்தி.
பிடுங்கினேன்.
அழுகிய கறுப்புத் தண்ணீர்
முகத்திலும் ரவிக்கையிலும் கொட்டியது.

இரவு சாப்பாட்டில் நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவன் ரவிக்கையைப் பார்த்தான்.
வழக்கத்தைவிட ஒரு கூடை
ஒட்டரிசிச் சோறு அதிகம் தின்றான்.

தை பிறந்து கொஞ்ச நாள்.
மேலே அணையில் யாரோ ஒரு கதவைத் திறந்தால்
இங்கே முதலில் நாய்களுக்குத்தான் தெரியும்.
கோடைக்கு இறங்கவேண்டிய ஆறு
இருட்டில் ஏறி வந்தது.
கம்லாவின் கடுகுக்கீரைப் பாத்தி,
வெங்காயப் பாத்தி, வேலிக் கழி,
பாத்திக்கு நடுவே அவள் மறந்த செருப்பு, எல்லாம்.

பாயில் பக்கத்து இடம் காலி.
விளக்கோடு ஓடினேன்.
தொடையளவு நீரில்,
கன்னம் தண்ணீரில் படக் குனிந்து
படகுக்கடியில் தோங்சி.
தச்சன் ஆணி கவ்வுவதுபோல்
வாயில் ஆப்புகள்.
ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்தேன்.
ஏழும் செதுக்கி வைத்திருக்கிறான், எப்போதோ.

படகு மிதக்கவில்லை. அவ்வளவு மண்.
ஆனால் வெளியே நின்ற ஆறு
உள்ளே வரவில்லை.
விளிம்புக்கு இரண்டு விரல்கடை கீழே
விடியும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனது.

அந்த வாரம் சந்தையில்
சதகுப்பை என்னிடம் மட்டும்.
விலை ஏற்றினேன், மறுக்கவில்லை.
கம்லாவிடம் காசு வாங்கவில்லை.
அதுவும் முதல் நாள்தான்.

நீர் வடிந்ததும் கொட்டாப்புளியோடு அடியில் போய்
ஆறு ஆப்புகளைத் தட்டி எடுத்தான்.
“ஏழாவது இறுகிவிட்டது” என்றான்.
இறுகியும் இருக்கலாம்.

நான் படுத்துப் பார்க்கவில்லை.
அணியத்துப் பக்கம்
வள்ளைக்கீரைத் தண்டு நாலைந்து ஊன்றிவைத்தேன்.
அதற்கு எப்போதும்
கால் நனைந்திருக்க வேண்டும்.