பதினேழு

குருவி எச்சம் என்றே
நாலு நாள் ஏமாந்தேன்,
எச்சத்துக்கு வாய் முளைத்துக்
கொழுந்தைத் தின்னும்வரை.

சிப்காட்டில்
பூச்சிமருந்து மூட்டை தைத்துவிட்டுக்
குடிகாடு வந்து சேர மணி பத்தரை.
செல்போன் வெளிச்சத்தில்
எலுமிச்சையடியில் நிற்கிறேன்.
"கம்பெனிப் பொடி
ஒரு கைப்பிடி கொண்டாந்தா என்ன?"
ஜன்னலிலிருந்து தில்லைக்கரசி.
அது என்ன பொடியென்று
என் இருமலுக்குத் தெரியும்.

சோப்புத் தண்ணீர் டப்பாவில்
ஒவ்வொன்றாய்ப் பதினேழு போட்டேன்.
அடுத்ததைத் தொட்டதும்
ஆரஞ்சுக் கொம்பு இரண்டை நீட்டி
நாறிக் காட்டியது.

இவ்வளவுதானா?
என் சட்டையை மோந்து பார்,
மயங்கி விழுவாய்.

முள் குத்தக் கொப்பை வளைத்து
அதை நுனியில் ஏற்றிக்
கையை எடுத்தேன்.
எட்டாத உயரத்துக்குப் போனது.

தில்லைக்கரசி கேட்டால்
பதினேழு என்பேன்.