ஒப்பிக்கும் ஞாயிறு

புதுநன்மைக்குப் பத்து செபம்
வாய்விட்டு ஒப்பிக்கணும். பங்கின் விதி.
பிலவேந்திரனுக்குக் காது கேட்காது.
மூன்று வருஷமாய் நான் அவனுக்குக் கொடுத்த வேலை
வருகைப் பதிவேட்டில் கோடு போடுவது.

இரண்டாம் பூசை முடிந்து, கொள்ளிடக் காற்றில்
எப்பத்தா பாடம் வந்தது.
தள்ளிப் புரட்டினேன்.
அவன் திருப்பிப் புரட்டினான்:
செவிடன் காதில் ஆண்டவர் விரல்.
என்ன சொல்கிறார்? புருவம் கேட்டது.

திறக்கப்படு.
அதை எந்தக் கையால் சொல்ல?
கதவைத் திறந்து காட்டினேன்.
சாக்பீஸ் டப்பாவைத் திறந்து காட்டினேன்.
சிரித்தான்.

வாய்க்கால் லஸ்கர் மகன்.
இல்லாத சக்கரத்தை இரு கையாலும் பிடித்து
பல்லைக் கடித்துச் சுற்றினான்.
துருப்பிடித்த ஷட்டர்
அசைந்தது, ஏறியது,
பத்து விரலும் தண்ணீராய்
பெஞ்சு பெஞ்சாய்ப் பாய்ந்து
கடைமடையில்
அக்சீலியாவின் மடிக்குப் போனது.
அவளும் சுற்றினாள். பிறகு பதினேழு பேரும்.

எட்டிப் பார்த்த பங்குச்சாமி
"ஏன் இவ்வளவு அமைதி?" என்றார்.
"ஒப்பிக்கிறார்கள் சாமி."

இப்போது பரலோக மந்திரம் நடக்கிறது.
பிலவேந்திரன் கை தருகிறான், நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.
விண்ணுலகம் வந்துவிட்டது.
உணவு, உருண்டை பிடித்து, நேற்று வந்தது.
மன்னியும் என்பதற்கு மட்டும்
என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்,
இன்னும் கை தூக்கவில்லை.