குறிப்பு என்றொரு கட்டம்

காலை எட்டரை.
மழைமானியின் மூடியைத் திருகித்
தகரக் குவளையை அளவுக் குப்பியில் கவிழ்க்கிறேன்.
ஓர் ஈசல் சிறகு விழுகிறது.
வேறொன்றும் இல்லை.

பூஜ்யம் என்று எழுத வேண்டும்.
எழுதுமுன் நிமிர்ந்து பார்த்தால்
வட்டவடைக்கு மேலே புல்மேடு முழுக்க வெள்ளை.
பூண்டுப் பாத்தி, வரப்பு, ஜீப்பின் தார்ப்பாய்,
நேற்று கொடியில் மறந்துவிட்ட பாவாடை.
அது பலகைபோல் விறைத்திருக்கிறது,
உள்ளே யாரோ ஒருத்தி நிற்கிற மாதிரி.

பூஜ்யம் மில்லிமீட்டர்.

என் கொழுந்தன் குணசீலன்
இமயத்தில் எங்கோ ரோடு போடுகிறான்.
அங்கே பனிக்குள் நீளக் குழாயை இறக்கி
உருவியெடுத்து, குழாயோடு தராசில் தொங்கவிடுவார்களாம்.
அந்த எடையை வைத்துச் சொல்லிவிடுவார்களாம்
வைகாசியில் அணைக்கு எவ்வளவு வருமென்று.
"மலைதான் அண்ணி டேங்க்,
வெயில் வந்து திறந்துவிடும்."
இந்த வருஷம் குழாய் இடுப்பளவுகூட இறங்கவில்லையாம்.
சம்பளம் பாதி வந்தவன் குரலில் சொன்னான்.

எங்கள் மலையை எந்தத் தராசில் தொங்கவிட?
இந்த வெள்ளை ஒன்பதரைக்குப் போய்விடும்.
ஆற்றுக்கு அதில் ஒரு செம்பு சேராது.
ஐப்பசியில் பெய்ததை
யாரும் பார்க்காமல் வாங்கி வைத்திருப்பது
புல்லுக்கு அடியில் இருக்கிற கறுப்பு மண்.
பங்குனியிலும் குதிகாலை அழுத்தினால்
சுற்றிலும் நீர் ஊறும்.
அங்கிருந்துதான் ஓடை,
ஓடையிலிருந்து பாம்பாறு,
மறையூர்க் கரும்பைத் தாண்டி, எல்லையைத் தாண்டி
அமராவதி அணை.

கிராண்டிஸ் மரம் நிற்கிற சரிவில்
தை பிறக்குமுன்பே ஓடை கல்லாகிவிடுகிறது.
எங்களுக்கும் நாற்பது சென்ட் கிராண்டிஸ் உண்டு.
மகளின் நர்சிங் ஃபீஸை அதில்தான் வெட்டினோம்.
மறைத்து என்ன ஆகப்போகிறது.

படிவத்தில் மழைக்குக் கட்டம் இருக்கிறது.
வெயிலுக்கு, காற்றுக்கு இருக்கிறது.
கடைசியில் குறுகலாகக் 'குறிப்பு'.
அதில் இன்று 'பனி' என்று எழுதி
போட்டோ எடுத்து அனுப்பினேன்.

தேவிகுளம் ஆபீசிலிருந்து ஷைஜு சார் உடனே கூப்பிட்டார்.
"பனியோ? மருந்து கழிச்சோ?"
அவர் மொழியில் பனி என்றால் காய்ச்சல்.
எனக்கில்லை சார், மலைக்கு, என்றேன்.
சிரித்தார். நானும்.
போனை வைத்தபிறகு பழைய நோட்டைப் புரட்டினேன்.
மூன்று வருஷம் முன்னால்
பதினாலு காலை வெளுத்திருக்கிறது.
போன வருஷம் ஐந்து.
இந்த வருஷம் இன்று ஒன்று.
காய்ச்சல் என்றே இருக்கட்டும்,
திருத்தவில்லை.

அடுத்த போன் இருதயசாமி.
அணைக்குக் கீழே நாலு ஏக்கர் கரும்பு அவருக்கு.
எந்த ஆபீசும் இல்லை, படிவமும் இல்லை,
ஆனாலும் தினமும் கேட்பார்.
"எவ்வளவும்மா?"
பூஜ்யம்.
"டேம்ல நேத்து அறுபத்தொண்ணு. இன்னிக்கு அறுபது அரை."
கொஞ்சம் பேசாமல் இருந்தார்.
பின்னால் மோட்டார் இரைந்தது.
"அந்தக் கால் வைக்கிற இடம்... இன்னும் ஊறுதா?"

எனக்குத் தெரியவில்லை.
மார்கழிக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.
பார்த்துச் சொல்கிறேன் என்று
போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன்.
மேட்டின் கிழக்குப் பக்கம் வெள்ளை கரைய ஆரம்பித்திருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு
வழக்கமான பள்ளத்தில்
வலது குதிகாலை வைத்து அழுத்தினேன்.

புல் நொறுங்கியது. மண் குளிர்ந்தது.
அவ்வளவுதான் என்று காலை எடுக்கப்போனேன்.

பிறகு, ரொம்ப மெதுவாக,
விரல்களுக்கு நடுவே.

எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால்
என்ன சொல்ல?
இருக்கு, என்றேன் போனில்.
"இருக்கா?" என்றார்.
இருக்கு.