மூன்றாவது கட்டம்

காலாங் பாரு, நான்காம் மாடி.
சரக்கு லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும்
கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திறக்கும்.
மேடம் சிம் கெக் சூ பட்டறையில்
பதினைந்து ஊசி எம்பிராய்டரி எந்திரம்
மூன்று நாளாய்ச் சும்மா நிற்கிறது.
எந்திரத்துக்கு ஒன்றுமில்லை.
அதோடு பேசிவந்த கணினிதான் செத்துப்போனது.
பள்ளிச் சின்னம் எண்ணூறு பாக்கி.

புதுக் கணினியில் லினக்ஸ் போட்டு எடுத்துவந்தேன்.
நிரலோ விண்டோஸ் தொண்ணூற்றெட்டுக்கென்று பிறந்தது.
எழுதிய ஒசாகா கம்பெனி
கதவைச் சாத்திப் பல வருடம்.
இரண்டுக்கும் நடுவில் ஒன்றை வைத்தேன்.
"அதுக்குப் பேர் என்ன?"
"வைன்."
"வேலை நேரத்திலா?" என்றார் மேடம் சிம்.

எழுந்ததும் நிரல் கேட்டது:
சி டிரைவ் எங்கே?
இதோ என்றது வைன்,
ஒரு சாதாரணக் கோப்புறையைக் காட்டி.
ரிஜிஸ்ட்ரி?
இதோ, ஒரு உரைக்கோப்பு.
முதல் காம் போர்ட்?
சிம் லிம் டவரில் பன்னிரண்டு வெள்ளிக்கு
நான் வாங்கிய யுஎஸ்பி வயரை நீட்டியது.
வீடு மாறிவிட்டதை
விருந்தாளியிடம் சொல்லவே இல்லை.
பொய் என்றும் சொல்ல முடியாது.
கேட்டதெல்லாம் கிடைத்ததே.

பக்கத்துக் கறுப்புச் சன்னலில் மட்டும்
நிற்காமல் வரிகள்.
ஃபிக்ஸ்மீ.
ஃபிக்ஸ்மீ.
இது எனக்குப் பாதிதான் தெரியும்.
இதை இன்னும் யாரும் எழுதவில்லை.
இதற்குச் சும்மா தலையாட்டிவைத்தேன்.
என்னைச் சரிசெய், என்னைச் சரிசெய் என்று
முணுமுணுத்தபடியே
முழு வேலையும் பார்க்கிறது.

இங்கே என்னை ஈசி என்பார்கள்.
எழிலரசி.
வேலைக்குச் சேர்ந்த அன்று காலை
ழகரம் ஸகரமாகி ஈஸில் ஆனது,
மதியச் சாப்பாட்டுக்குள் ஈசி.
"ஈசி, கேன் ஓர் நாட்?"
"கேன், கேன்."
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன், தவறாமல்.
எந்தச் சன்னலில் என்ன வரி ஓடுகிறதென்று
யாரும் திறந்து பார்ப்பதில்லை,
சில நாள் நானும்.

திரையில் ஒன்று குறைந்தது.
ஜப்பானிய எழுத்திருந்த இடமெல்லாம்
வெறும் கட்டங்கள், வரிசை வரிசையாய்.
எழுத்துரு இல்லை.
மன்னிக்கணும் என்று நான் வாயெடுப்பதற்குள்
ரொஹாயா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
மூன்றாவது கட்டத்தை அழுத்தினார்.
பிறகு கீழே, இடது ஓரம்.
பிறகு நடுவில் அகலமாய் ஒன்று.

"ஜப்பான் படிக்கத் தெரியுமா, காக்?"

"இருபத்திரண்டு வருஷமா
எனக்கு இது கட்டம்தான்."

ஏழாவது ஊசி இறங்கியது.
நீல நூலில் ஒரு கப்பலின் அடிவயிறு,
பிறகு பாய், பிறகு கொடிக்கம்பம்.
அலைகளில் ஒரு வளைவு சற்றே இழுத்துக்கொண்டது;
அது பழைய கணினியிலும் அப்படித்தானாம்.
மேடம் சிம் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்,
முடிச்சுகளை நகத்தால் தடவி,
ஒன்றும் சொல்லாமல்
எனக்கொரு கோப்பி ஓ பொட்டலத்தை நகர்த்தினார்.

"எழுத்துரு போட்டுத் தரவா, காக்?"
"போடு.
எதையும் இடம் மட்டும் மாத்தாதே."

ஒன்பதே முக்கால்.
மூடும் முன்பு நிரல் ஒரு நகல் எடுக்குமாம்,
ஏ டிரைவில், ஃப்ளாப்பியில், ஒவ்வொரு ராத்திரியும்.
காலிக் கோப்புறை ஒன்றுக்கு
ஏ என்று பேர் வைத்திருந்தேன்.
தேடியது, கண்டது, எழுதியது,
கட்டங்களாலான ஒரு வரியில்
நன்றி போல ஏதோ சொல்லி அணைந்தது.

ரொஹாயாவின் கை மட்டும்
திரும்பிப் பார்க்காமலே மேசைக்கடியில் போய்,
தட்டை வெளியே தள்ளும் பொத்தானைத் தேடி,
புதுப் பெட்டியின் வழவழப்பான முகத்தில்
கொஞ்ச நேரம்
அப்படியே இருந்தது.