பதினொரு மில்லி

லாபிஸ் பட்டணத்து கார் கடையில்
சனிக்கிழமை, பகல் ஷிப்ட் முடிந்து,
ஆலை வாடை துணியில் இருக்க
நுழைந்தேன்.

குளிர். வெள்ளைத் தரை. நடுவே ஒரு கார்.
பின்கதவில் பச்சையாய் ஓர் இலை ஒட்டியிருந்தது.
எந்த மரத்து இலை?
ரப்பர் என்றால் ஒரு காம்புக்கு மூன்று இருக்கும்.
செம்பனை ஓலைக்கு இந்த வடிவம் இல்லை.
லாபிஸில் முளைக்காத ஏதோ ஒன்று.

விற்கிற பையன் ஹாஃபிசுடின்,
நெஞ்சில் பெயர், கையில் பளபளத்த தாள்.
நூறு கிலோமீட்டருக்கு நாலு லிட்டர்கூட ஆகாது அக்கா
என்றான் மலாயில்.
எங்கே அளந்தார்கள், கேட்டேன்.
சிரித்தான்.
எங்கோ ஓர் அறைக்குள்ளே, உருளைகளின் மேல்,
எங்கும் போகாமலே ஓடித் தீர்த்த கார்.

நான் கழிவுக் குளத்தை அளப்பவள்.
பதினாறு வருடமாக.
மூன்று நாள் இருட்டில் வைத்த புட்டியைத் திறந்து
ஓர் எண் எழுதிக் கையெழுத்திடுவேன்.
மழை பெய்த மறுநாள் எண் அழகாய் வரும்.
மேனேஜர் மழை பெய்த மறுநாள்தான்
மாதிரி எடுக்கச் சொல்வார்.
எண்கள்மேல் எனக்குக் கோபமில்லை,
அவை பிறந்த வீடு தெரியும், அவ்வளவே.

ஆகவே என் கணக்கைச் சொன்னேன்:
ஆறு கட்டை செம்மண் பாதை.
பக்கத்தில் தவமலர், தூங்கியபடி.
பின்னால் டாக்காவிலிருந்து வந்த ரஃபீக்,
அவன் மடியில் சாப்பாட்டு அடுக்கு.
யோகராணிக்கு வலிக்கும் முட்டியை நீட்ட இடம் வேண்டும்.
ஏசி இரண்டில்.
முன்னே பழக்குலை லாரி, முந்த வழியில்லை.
இதற்கு எத்தனை லிட்டர், தம்பி?

தாளைத் திருப்பிப் பார்த்தான்.
பின்பக்கம் கடல் இருந்தது.

மின்சாரக் காரும் காட்டினான், போனில்.
புகையில்லை, சத்தமில்லை.
எங்கள் வரிசை வீட்டில்
ரைஸ் குக்கரும் வாஷிங் மெஷினும் ஒன்றாய் ஓடினால்
சுவிட்ச் விழும்.
போன வெள்ளத்தில் ஆறு மூன்றாம் படிவரை ஏறியது.
பேட்டரி எந்த உயரத்தில் இருக்கிறது?
வெள்ளம் வந்தால் எடுக்காதீர்கள் அக்கா.
நல்ல யோசனை.
வெள்ளத்திடமும் சொல்லிப் பார்க்கலாம்.

டீசல் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.
நாங்கள் பிழிந்த எண்ணெயும் அதில் கொஞ்சம் கலக்கிறார்கள்,
அதற்குப் பெயர் பச்சை.
குளத்தின் நிறம் எனக்குத் தெரியும்.

மாதம் ஐந்நூற்று எண்பது வெள்ளி,
ஒன்பது வருடம்.
மிச்சமாகும் பெட்ரோல் அறுபது வெள்ளிக்கு, என் கணக்கில்.
காற்றுக்கு எவ்வளவு மிச்சம்?
அந்தக் கட்டம் பாரத்தில் இல்லை.
பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன்,
உள்ளே எழுத எதுவும் வரவில்லை.

வீட்டில் தயாபரன் கேட்டது ஒன்றுதான்:
என்ன கலர்?

எங்கள் பழைய கார் வாசலில் நிற்கிறது.
அடியில் சிமெண்டில் ஒரு கறுப்பு வட்டம்,
வருடா வருடம் அகலமாகி
இப்போது செருப்பு அடுக்கை எட்டிவிட்டது.
மழை பெய்தால் அதன்மேல் நிறங்கள் ஊர்ந்து
காண்வாய்க்குப் போகும்.
தினமும் தாண்டித்தான் ஆலைக்குப் போகிறேன்,
குளத்தை அளக்க.

அன்றிரவு அதன் அடியில் ஒரு தட்டு வைத்தேன்.
விடிகாலை, தயாபரன் எழும் முன்,
ஆலையிலிருந்து கொண்டுவந்த அளவுக் குழாயில்
சொட்டு மீதமில்லாமல் சாய்த்தேன்.
தண்ணீரை வளைவின் அடியில் படிக்கவேண்டும்.
இப்படிக் கறுத்ததை மேல்விளிம்பில்.
முழங்காலிட்டு,
கண்ணை அந்த மட்டத்துக்கு இறக்கினேன்.

பதினொரு மில்லி, ஓர் இரவுக்கு.
நேற்று மழை இல்லை.

தேதி போட்டு எழுதினேன்.
கையெழுத்தும் போட்டேன்.